ஆஷாட வெள்ளியில் ஏழு மூச்சு

சமூகப்பணி முதுகலை இரண்டாம் வருடத்தில் எங்களுக்கு 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று ஒரு பாடம் வைத்தார்கள். அதற்கு மார்க்கும் உண்டு. முதல் வகுப்பில் பேராசிரியை ஆளுக்கொரு உலர்ந்த திராட்சையைக் கொடுத்து, ஐந்து நிமிடம் அதையே பார்க்கச் சொன்னார். நான் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தேன். வாங்கியதும் வாயில் போட்டுக்கொண்டேன். "இந்தக் கணத்தில் நீ இல்லவே இல்லம்மா" என்று கன்னடத்தில் வருத்தப்பட்டு இன்னொன்று கொடுத்தார். எங்கே போய்விட்டேனாம்? மூன்றாவது பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தேன்! சரி என்று அந்த இரண்டாவது திராட்சையை முறைத்துப் பார்த்துத் தொலைத்தேன்.

அடுத்து ஒரு நோட்டு. களப்பணிக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று, கண்ணை மூடிப் பத்து மூச்சு விட்டு, அதன் பிறகுதான் உள்ளே போக வேண்டும். விட்ட மூச்சுக்கு நோட்டில் கணக்கு.

எனக்குக் கொடுத்த வீடு ரிங் ரோடு ஓரத்துத் தகரக் கொட்டகைகளில் ஒன்று. தமிழ்நாட்டு எல்லையோரக் கோபிநத்தத்திலிருந்து வந்து சித்தாள் வேலை பார்க்கும் அம்மா, கணவர் இல்லை. மகள் பத்தாவது படித்தாள், அம்மாவின் தமிழுக்குக் கன்னடத்தில் பதில் சொல்லும் கெட்டிக்காரி. அவளை ஆவணியில் தன் மகனுக்குக் கட்டிவைக்கச் சொல்லி, ஊரிலிருந்து தாய்மாமா நெருக்கிக்கொண்டிருந்தார். பதினைந்து வயது! நான்கு தடவை போய்ச் சட்டம் சொன்னேன், தண்டனை சொன்னேன். அதிகாரிகளுக்கு மனு கொடுத்தேன்; அம்மனுக்கு உகந்த ஆஷாட மாதத்து மலைக்கோயில் கூட்டம் முடியட்டும் என்றார்கள். அந்த அம்மா நான்கு தடவையும் "சரிங்க அம்மணி" என்று தலையாட்டி டீ கொடுத்தார். கல்யாணப் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

ஐந்தாவது தடவை போனது ஆஷாட வெள்ளிக்கிழமை. ஊரே சாமுண்டி மலைக்குக் கிளம்பியிருந்தது. பஸ் கிடைக்காமல் பாதி தூரம் நடந்தேன். தலைக்குக் குளித்து விரித்துவிட்ட முடி, சிவப்புச் சுடிதார், வேர்த்து வழிகிற முகம். கொட்டகை வாசலில் ஏகப்பட்ட செருப்பு. தாய்மாமா வெற்றிலைத் தட்டோடு வந்துவிட்டார் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். நான்தான் நோட்டுக்காகக் கண்ணை மூடிவிட்டேனே! நடந்த களைப்பிலும் கோபத்திலும் மூச்சு புஸ் புஸ்ஸென்று வந்தது. ஏழாவது மூச்சில் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் அலறியது. "ஐயோ, தாயி வந்துட்டா!"

கண்ணைத் திறப்பதற்குள் காலில் மஞ்சள் தண்ணீர். மூக்குக்கு நேரே கற்பூரம். பெரிய மீசை வைத்த தாய்மாமா தரையில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார்.

"மலைமேல இருக்கறவளே, எங்களத் தேடி எறங்கி வந்துட்டயா! ஆவணில கல்யாணத்த முடிச்சுப்போடலாமா, சொல்லு தாயி!"

பாடப்படி நான் எதையும் எடைபோடாமல், நடப்பதை நடக்கிறபடி பார்க்க வேண்டும். பார்த்தேன். மகள் மூலையில் புதுப் புடவையில், கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான்.

"புள்ளயப் படிக்க விடுடா!" நான் கத்தியது ரிங் ரோடுவரை கேட்டிருக்கும். "பதினெட்டு முடியாம அவ கழுத்துல தாலி ஏறட்டும், உன்னைச் சும்மா விடமாட்டேன்!"

என் அப்பா வயதுக்காரரை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அம்மன் சட்டம் பேசுகிறாளே என்று ஒருவரும் சந்தேகப்படவில்லை. தாய்மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டு, தட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போனார். நான் கிளம்பும்போது அந்தப் பெண் பின்னாலேயே வந்து, "ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா" என்று கன்னடத்தில் கிசுகிசுத்தாள்.

நோட்டில் "ஏழு மூச்சு, இடையூறு" என்று மட்டும் எழுதினேன். பேராசிரியை மீதி மூன்று மூச்சுக்கு மார்க்கைக் குறைத்தார்.

மார்க் போனால் போகட்டும், எனக்கு மனசு கேட்கவில்லை. படித்த படிப்பென்ன, குறி சொல்லிவிட்டு வந்ததென்ன! அடுத்த வாரம் அந்த அம்மாவிடம் போய் உடைத்துச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு சாமி கீமி ஒண்ணும் வரலக்கா. நான் சும்மா மூச்சு விட்டுட்டு நின்னேன்."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "அது தெரியாதுங்களா அம்மணி? மொதல்ல 'தாயி வந்துட்டா'ன்னு கத்துனதே நாந்தானுங்க."

அவர் டம்ளரை என் கையில் கொடுத்தார்.

"இவங்கப்பன் போனப்பொறவு எங்கண்ணன்தானுங்க எங்களத் தூக்கி நிறுத்துனாரு. அவருகிட்ட முடியாதுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? நீங்க வர்றப்பல்லாம் எங்கிட்டயே சட்டம் பேசுனீங்க. எனக்கு அவருகிட்டச் சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமுங்க. அதைக் கேக்கலாம்னுதான் ஒவ்வொருக்காவும் டீ வெச்சுக் குடுத்து உக்கார வெச்சேன். நீங்க டீயக் குடிச்சுப்போட்டுப் போயிருவீங்க."

ஒரு திராட்சையை ஐந்து நிமிடம் பார்த்தவள் நான். இந்த முகத்தை நான்கு தடவையும் பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. டீயைக் கீழே வைத்துவிட்டு அழுதுவிட்டேன்.

"அட, அழுவாதீங்க அம்மணி" என்று முந்தானையை நீட்டினார். "தையில மறுபடியும் கேக்க வருவாரு. பதினெட்டுக்கு இன்னும் மூணு வருசம் கெடக்குது. அந்தச் செவப்புச் சுடிதாரப் பத்தரமா வெச்சுக்கோங்க."