கதையில் என்னைச் சாகடித்தார்கள்

என் கணவர் எதனால் இறந்தார் என்பதும், எனக்கும் அந்த எச்.ஐ.வி. கிருமி இருப்பதும் வடக்குப்பட்டில் யாருக்கும் தெரியாது. வீட்டிலேயே ரவிக்கை தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு தொண்டு நிறுவனமும் மகளிர் குழுவும் கோயில் கமிட்டியும் சர்ச்சும் சேர்ந்து, பெற்றோரையும் வயசுப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து எய்ட்ஸ் பற்றிப் பேசும் கூட்டங்களைத் தொடங்கின. கம்பெனி வேலைக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கிய தெற்கத்திப் பையன்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று ஊர் நம்பியது. முதல் கூட்டத்திலும் அதே பேச்சு. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன்.

"எங்க வூட்டுக்கு எந்த வெளியூர்க்காரனும் இத்த எடுத்துகினு வரல. என் புருசன் இந்த ஊர்தான். எனக்கும் கீது."

ஒரு பெண் கேட்டாள்: "கல்யாணத்துக்கு முன்ன மாப்ளைய டெஸ்ட் எடுக்கச் சொல்லலாமா அக்கா?"

பக்கத்திலிருந்த அம்மா அவள் தொடையைக் கிள்ளினார்.

"தாராளமா சொல்லு" என்றேன். "எனக்கு அப்படிக் கேக்கத் தெரியல."

அதன்பின் தைக்கத் துணி வருவது நின்றது. மகளிர் குழுத் தலைவி ஒருநாள் வந்தார். தொட்டால் ஒட்டாது என்று படம் காட்டி விளக்கியவர் அவர்தான். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"தப்பா எடுத்துக்காத. நீ வந்தா ஜனங்க வரமாட்டாங்க. உன் கதைய நாங்களே சொல்லிக்கிறோம்."

"கதை மட்டும் போதுமாக்கா?"

அவர் வாசலில் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்து வல்லக்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிர் மண்டபத்து ஸ்பீக்கரில் தலைவியின் குரல் கேட்டது. என் கதைதான். ஆனால் என் கணவர் ரூம் எடுத்துத் தங்கிய தெற்கத்திப் பையனாக மாறியிருந்தார். அவனை நம்பிக் கட்டிக்கொண்ட பெண்ணும் நோய் முற்றிச் செத்துப்போனாள். உள்ளே 'உச்சு' கொட்டினார்கள்.

மண்டபத்திலிருந்து ஒரு பெண்மணி இறங்கி வந்தார். அன்று மகளைக் கிள்ளிய அதே அம்மா.

"உன்னத்தான சொல்றாங்க?"

"ஆமா."

"நீ உயிரோடதான கீற. போய்ச் சொல்லட்டா?"

"சொல்லுங்க" என்றேன்.

அவர் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். அங்கேயே நின்றார். பஸ் வந்தது. இருவரும் ஏறினோம். நான் ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டேன். அவர் என்னைக் கடந்து போய், பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார்.