நெஞ்சுச் சளிக்கு நண்டுச் சாறு

எனக்கு ஏழெட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீடு கொஞ்ச காலம் போலீஸ் ஸ்டேஷனாக இருந்தது. எல்லாரும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள். காரணம் என் மூச்சு. சாயங்காலம் ஆனால் போதும், நெஞ்சு இறுகி, தோளைத் தூக்கித் தூக்கி இளைக்க ஆரம்பித்துவிடுவேன். ராமநாதபுரத்து டாக்டரம்மா மருந்தும் உறிஞ்சுகிற மிஷினும் கொடுத்துவிட்டு, "இவளுக்கு ஏதோ ஒண்ணு ஒத்துக்கலை. அது என்னன்னு நீங்கதான் கூட இருந்து கவனிச்சுச் சொல்லணும்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது எங்கள் வீட்டாருக்கு.

வாலிநோக்கத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பா கடலுக்குப் போகிறவர். அவர் முதலில் பிடித்தது மாமாவின் கொசுவத்தியை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்து, வருஷம் திரும்பியும் போகாதவர். கொசுவத்திப் புகை ஆகாது என்று சொல்லி மாமாவையும் பாயையும் சேர்த்து வெளியே அனுப்பினார் அப்பா. பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, எங்கள் பூனையின் முடிதான் காரணம் என்றாள். அந்தப் பூனை அவள் அடுப்படியில் மீன் திருடுவது ஊருக்கே தெரியும். முதுகுளத்தூருக்குப் போன ஆட்டு வியாபாரியோடு அது சாக்கில் பயணமானது. அம்மா அப்பாவின் பீடியைச் சொன்னாள். உடனே அப்பா, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் போடும் சாம்பிராணியைச் சொன்னார். காலைப் பூசைக்கு எழுந்திருப்பது அவருக்கு எப்போதுமே ஒத்துக்கொண்டதில்லை.

யோசித்துப் பார்த்தால், அவரவருக்கு ஏற்கெனவே ஆகாமல் இருந்த ஒன்றைத்தான் அவரவர் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் பிடித்த ஒன்று மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

எங்கள் பக்கத்தில் சளி என்றால் நண்டுதான் மருந்து. நண்டை ஓட்டோடு தட்டி, மிளகும் பூண்டும் போட்டுக் கொதிக்கவைத்து இறக்கிய சாற்றைக் குடித்தால், எப்பேர்ப்பட்ட சளியும் இளகிவிடும் என்பார்கள். அம்மாவுக்கு வேலையே நண்டு கம்பெனியில். வேகவைத்த நண்டை உடைத்துச் சதையைத் தனியாக எடுக்கிற வேலை. கம்பெனியில் கழித்துவிடும் சின்ன நண்டுகளை வாங்கி வந்து எனக்குச் சாறு வைப்பாள். மிளகுக் காரத்தில் மூக்கு ஒழுகும். "பாத்தியா, இளகுது" என்பாள் அத்தை. கொஞ்ச நேரத்தில் இளைப்பு கூடும். "உள்ள கெடந்த சளியெல்லாம் கெளம்புது" என்று இன்னொரு தம்ளர் ஊற்றுவாள். நான் மூச்சுக்கும் சாற்றுக்கும் நடுவில் திண்டாடுவேன். ஆனால் நண்டைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. அது பெற்ற தாயைச் சந்தேகப்படுகிற மாதிரி.

அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் நானும் அம்மாவும் மட்டும் போனோம். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அம்மாவிடம் அவர் கேட்டார். அம்மா சொன்னாள். உடனே என்னை எடை பார்த்துவர நர்சோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். எனக்கு அதுவே சரியாகப் படவில்லை. மறைப்புத் துணியின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அம்மா தன் சேலைத் தலைப்பை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் நண்டுச் சாறு நின்றது. "வெலை ஏறிப்போச்சு மதினி" என்று அம்மா அத்தையிடம் சொன்னாள். அத்தை நம்பவில்லை. நண்டெல்லாம் அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போகிறது என்று அவளுக்குச் சந்தேகம். என் சந்தேகம் அதைவிடப் பெரியது. வேலை விட்டு வரும் அம்மா என் சின்னத் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். நான் ஓடினால், "அங்கனயே நில்லு. கிட்ட வராத" என்பாள். நேரே கொல்லைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, தம்பிக்கும் உடுப்பை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். வந்த பிறகும் தூரமாகவே இருப்பாள். அவளை ஒட்டிப் படுத்துக்கொண்டிருந்த என்னை அத்தை வீட்டில் படுக்கச் சொல்லிவிட்டாள்.

வெளியே படுத்துப் படுத்துக் கடுப்பேறிப் போயிருந்த மாமா, "ஒன்னயத் தவிட்டுக்குல்ல வாங்குனாக. தெரியாதா?" என்றார். எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிற கேலிதான். ஆனால் எனக்கு அப்போது எல்லாமே கச்சிதமாகப் பொருந்தியது. அப்பா அம்மாவின் கல்யாணப் போட்டோவை எடுத்துவைத்துக்கொண்டு, என் சுருட்டை முடி யாரிடமிருந்து வந்தது என்று தேடினேன். யாருக்கும் இல்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

நேரிலேயே பார்த்துவிடுவது என்று ஒருநாள் கம்பெனி வேன் வந்து நிற்கும் இடத்துக்குப் போனேன். அம்மா இறங்கியதும் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள் மேலெல்லாம் வெந்த நண்டின் வாடை. "விடு பிள்ள, விடு!" என்று என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தள்ளினாள். நான் மணலில் விழுந்தேன். வேனில் இருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். வீட்டுக்கு வருவதற்குள் இளைப்பு பிடித்துக்கொண்டது. அப்பா என்னைத் தோளில் போட்டு மிஷினை வாயில் வைத்தார். அம்மா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"பெத்தவ தூக்க மாட்டாளாம்ல. என்னா நெஞ்சழுத்தம்!" என்றாள் அத்தை.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். நண்டு என் வாயில் படக் கூடாது என்பதோடு டாக்டரம்மா நிறுத்தவில்லை. அது வேகும் ஆவி துணியிலும் தலைமுடியிலும் ஏறி வந்தாலே எனக்குப் போதுமாம். கொஞ்ச நாள் தள்ளி இருந்து பாருங்கள் என்றாராம். அதை அத்தையிடம் சொல்லியிருந்தால், பெற்றவளே பிள்ளைக்கு ஆகாதவள் என்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் போயிருக்கும். என் காதுக்கும் வந்திருக்கும். அதற்குப் பயந்துதான் வாயைத் திறக்கவில்லை என்றாள்.

வேனடியில் அப்படி நடந்த சில நாளில் அம்மா கம்பெனி வேலையை விட்டாள். சூப்பர்வைசரோடு சண்டை என்று எல்லாரிடமும் சொன்னாள். நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலையை விட்டுவிட்டு வாலிநோக்கத்து உப்பளத்துக்கு வெயிலில் உப்பு வாரப் போகிறாளே, இதில் என்னவோ இருக்கிறது என்று அப்பாவே சந்தேகப்பட்டார். இருந்த சேலைகளையெல்லாம் சோடாவில் ஊறவைத்து அடித்துத் துவைத்தாள். பாயையும் தலையணையையும் மாற்றினாள்.

உப்பளத்துக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம் போலிருக்கும். ஒரு சாயங்காலம் பாதமெல்லாம் வெடித்து, சேலைக் கரையில் உப்புப் பூத்துப்போய் வந்தாள். கொல்லைக்குப் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து, "இங்கன வா" என்றாள்.

நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். "ஒன்னயத்தான்."

தயங்கித் தயங்கித்தான் போனேன். இழுத்து மடியில் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இத்தனை நாள் இல்லாத பாசம் இன்றைக்கு எதற்கு என்று விறைத்துப்போய் இருந்தேன். ஒருவேளை என்னை எங்காவது அனுப்பிவிடப் போகிறார்களோ? பூனையைச் சாக்கில் போடுவதற்கு முன்னால் அத்தைகூட அதைத் தடவித்தான் கொடுத்தாள். அம்மா என்னைத் திருப்பி, முதுகில் காதை வைத்தாள். "மூச்ச இழு. விடு" என்றாள். இழுத்தேன், விட்டேன். இளைப்பு இல்லை. மறுபடியும் இழுக்கச் சொன்னாள். நான் எதையோ எடுத்து விழுங்கிவிட்டேன் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது.

"நான் ஒண்ணும் முழுங்கலம்மா" என்றேன், முந்திக்கொண்டு.

அவள் காதை எடுக்கவில்லை. என் சட்டையின் முதுகுப்பக்கம் நனைந்துகொண்டிருந்தது. வெயிலில் வேலை பார்த்து வந்த வேர்வை என்று நினைத்துக்கொண்டேன்.