நான் தேர்ந்தெடுத்த நாலாவது கோழி

தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் அப்பாவுக்கு அனுப்புகிறவர்களோடு ஜென்மத்துக்கும் பேசமாட்டேன்.

இன்று குளுவாங் சந்தையில் எங்கள் முதல் கோழிகளை வாங்கினோம். முட்டைக்காக நாலு பெட்டைகள் என்பது அம்மாவின் திட்டம். மூன்றை அவர் தேர்ந்தெடுத்துவிட்டு, நாலாவதை என்னிடம் விட்டார்.

இருப்பதிலேயே உயரமாக, கொண்டை சிவந்து, பளபளவென்று நின்றதுதான் எனக்குப் பிடித்தது.

"மாப்பிள்ளையா பாக்குற? சீக்கிரம் எடு லா," என்றார் அம்மா.

கோழி விற்கிற மலாய் மாக்சிக், அந்த ஆன்ட்டி, ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் நான் தூக்கிக்கொண்டேன்.

மாலையில் நாலையும் புதுக் கூண்டில் விட்டோம். மூன்று மூலையில் ஒடுங்கின. என்னுடையது மட்டும் கழுத்தை நீட்டி, தொண்டை கட்டியவர் பாடுவதுபோலக் கூவியது.

"அலமாக்! சேவலையா தூக்கிட்டு வந்த?" அம்மா தலையில் கைவைத்தார்.

அப்பாவுக்கோ ஒரே சந்தோஷம். "நல்லதாப் போச்சு. அடுத்த வாரம் தோட்டத்து முனியாண்டி பூசைக்கு இதையே அறுத்துடலாம்."

அப்போது அது என் கையில் சோறு தின்றுகொண்டிருந்தது.

இப்போது என் அறையில், துணிக்கூடைக்குள், பள்ளிச் சீருடைக்கு அடியில் இருக்கிறது. இருட்டில் கூவாது என்று நினைத்தேன். கூவுகிறது.

சிம்பாங் ரெங்கம் பக்கம் பெரிய கொல்லை உள்ள தோழிகளே, அழகான, கொஞ்சம் வாயாடியான பையன் யாருக்காவது வேண்டுமா? நாளைக் காலை பள்ளிப் பேருந்திலேயே கொண்டுவந்து

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான்