தள்ளி நின்ற அப்பா

குவைத்திலிருந்து வரும் அப்பாவின் கடிதத்தைப் பிரித்ததும் அத்தர் மணம் குப்பென்று அடிக்கும். அதை முகர்ந்துகொண்டே, கடிதத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் போட்டோவுக்குத்தான் நான் பறப்பேன். அப்பா அங்கே ஓர் அரபி வீட்டில் "அவுஸ் டிரைவர்". அவருடைய முதலாளியான "கஃபீல்", கான்டினென்டல் என்கிற அமெரிக்கக் காரைத் தவிர வேறெதிலும் ஏறமாட்டார். புது மாடல் வந்தால் பழையதை மாற்றிவிடுவார். மாற்றிய வாரமே, அங்கிருந்த எல்லா டிரைவர்களையும் போல, அப்பாவும் அதனருகே நின்று படம் எடுத்து அனுப்பிவிடுவார்.

முதல் படத்தில் இருந்தது, முன்விளக்குகளை இமைபோல் மூடி வைத்திருக்கும், தெருவையே அடைக்கிற நீளக் கார். அதன் முன்னால் பல் தெரியச் சிரித்தபடி அப்பா. பள்ளியில் காட்டியபோது, "கார் எங்கடி? உங்கப்பாதான் தெரியறாரு" என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். மானமே போயிற்று எனக்கு. ஆத்திரத்தில் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அன்றைக்கே எழுதினேன்: "அப்பா, நீங்க காரை மறைக்கிறீங்க. அடுத்த தடவை தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். டிக்கியில் ஸ்டெப்னி வடிவில் புடைப்பு வைத்த அடுத்த மாடலில் பின்சக்கரத்தோரம் முகம் திருப்பி நின்றார். பெட்டிபோல் சதுரமான மாடலில் ஒரு தோள்தான் படத்தில் விழுந்தது. மூலையெல்லாம் வழித்துவிட்டாற்போல உருண்டு வந்த கடைசிக் காரில், கூரைமேல் வைத்த கை மட்டும். "மனுஷன் எளச்சுட்டாரா என்னான்னே தெரியலையே" என்று அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "இப்ப கார் முழுசாத் தெரியுதா கண்ணு?" என்று அப்பா கேட்டு எழுதியிருந்தார். தெரிகிறது என்று குதூகலமாகப் பதில் போட்டேன்.

"கலாஸ்", எல்லாம் முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டு ஊர் திரும்பியவர், இரண்டே வருடத்தில் போய்ச் சேர்ந்தார். மாலை போட ஒரு படம் வேண்டுமென்று வீடெல்லாம் தேடினோம். கார்கள்தான் முழுசு முழுசாகக் கிடைத்தன. சுவரில் இன்றும் தொங்குவது பாஸ்போர்ட்டிலிருந்து பெரிதாக்கிய, சிரிக்காத முகம். அந்தச் சிரிப்பைக் கிழித்துப் போட்ட பாவி நான்.

இப்போது கணவரோடு அதே குவைத்தில், ஃபர்வானியாவில் இருக்கிறேன். தயாரிப்பு ஒருமுறை நின்று, திரும்பி வந்த கான்டினென்டல் மறுபடியும் நின்றுவிட்டதாம். ரோட்டில் கண்ணிலேயே படுவதில்லை. போன வெள்ளிக்கிழமை ஒரு கராஜ் வாசலில், டிக்கி புடைத்த பழைய கார் ஒன்று புழுதி படிந்து நின்றது. ஓடிப்போய் அதன் முன்னால் நின்றேன். போனைத் தூக்கிய கணவர், "கொஞ்சம் தள்ளி நில்லு, காரை மறைக்கிறே" என்றார்.

நான் நகரவில்லை.

"காரு கெடக்கட்டுங்க. ஆளை எடுங்க."