எல்லாம் காமன் ஃபோல்டரில்

வெப் அப்ளிகேஷன் எழுதுவது சுலபம். எழுதியதை எந்த ஃபோல்டரில் வைப்பது என்பதில்தான் நம் ஆயுள் கழிகிறது. அந்தக் கொடுமையை அனுபவித்தவர்கள் கொஞ்சம் அருகில் வந்து உட்காருங்கள்.

பொதுச் சொத்து

மும்பை செம்பூரில் நாங்கள் வேலை பார்த்தது ஒரு சின்ன கம்பெனி. தாராவியில் தோல் பை தைக்கும் சாகுல் பாய்க்காக ஆர்டர், சரக்கு, கூலி, பில் எல்லாம் பார்க்கும் அப்ளிகேஷன் ஒன்றை நானும் மாட்டுங்கா கணேஷும் எழுதினோம். அப்ளிகேஷனுக்கு அஸ்திவாரமான பிரேம்வொர்க் ஆரம்பத்திலேயே அழகாகச் சில ஃபோல்டர்களைப் போட்டுக் கொடுத்தது. வேலை பெருகப் பெருக, எங்கே வைப்பதென்று தெரியாததையெல்லாம் ‘காமன்’ என்ற ஃபோல்டரில் தள்ளினோம். கூலிக் கணக்கும் அங்கே, ஆர்டர் எண் போடுவதும் அங்கே. இதென்ன குப்பைத்தொட்டியா என்று ஒருநாள் கத்தினேன். கணேஷ் நிதானமாகச் சொன்னான்:

“காமன்னு பேர் வச்சா எல்லாரும் போடத்தானே செய்வா?”

ஒரே ரூம்

பில்லில் தேதி எழுதும் முறையை மாற்றச் சொன்னார் பாய். மாற்றினேன். ஆர்டர் பக்கம் படுத்துவிட்டது. இரண்டும் காமனில் இருந்த ஒரே கோப்பை நம்பியிருந்தன. தாராவிக்கு ஓடி, மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்தால்தான் உருப்படும் என்று விளக்கினேன். பாய் சுற்றிலும் கையைக் காட்டினார்.

“இந்த ஒரே ரூம்லதான் வெட்டுதோம், தைக்கோம், சாப்பிடுதோம், தூங்குதோம். உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் எதுக்கு தம்பி இத்தன ரூம்?”

லீவு

என் மனைவி பிரசவத்துக்காக நெல்லைக்குப் போயிருந்தாள். எனக்கு லீவு இல்லை. அந்தக் காமன் குழப்பத்தை என்னைத் தவிர யாராலும் தொட முடியாதாம். பிரித்து எழுத அவகாசம் கொடுங்கள், பிறகு கணேஷே பார்த்துக்கொள்வான் என்று முதலாளியிடம் கெஞ்சினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் திரையைப் பார்த்தார்.

“பாக்க மஸ்த்தா இருக்கே, உள்ள எவன் எட்டிப் பாக்கப் போறான்?”

விடுதலை

கேட்காமலே பிரித்தேன். ஆர்டர் தனி, சரக்கு தனி, கூலி தனி, பில் தனி. ஒன்றில் கைவைத்தால் இன்னொன்று அசையாது. காமன் காலி. கணேஷ் தனியாகவே சமாளிப்பதைப் பார்த்து லீவு கிடைத்தது. ஊருக்குப் போய் மகளைக் கையில் வாங்கினேன். ஆபீசிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. நிம்மதி என்று பூரித்துப்போனேன், முட்டாள். திரும்பி வந்ததும் முதலாளி என்னை உட்காரவைத்து டீ சொன்னார்.

“நீ இல்லாமலே ஜக்காஸா ஓடுதுப்பா. அப்புறம் ரெண்டு பேரு எதுக்கு?”

இப்போது வேறு கம்பெனி. இங்கேயும் ஒரு காமன் ஃபோல்டர் இருக்கிறது, சுத்தம் செய்கிறேன் என்று அதன் பக்கம் நான் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.