பரீட்சைக்கு முன்பே போட்ட மொட்டை

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கொழும்பு வெள்ளவத்தையில் சொந்தக் கடை போட்டு முன்னுக்கு வந்தவன் நான். அறுபத்தாறு வயதிலும் என் தலைமுடியில் ஊரே கண் வைக்கும். அந்த முடியைத்தான் முருகனுக்கு நேர்ந்தேன். கடைசி மகள் டொக்டர் படிப்புக்கு எடுபட்டால் மொட்டை! கடைக்கு வந்த எல்லாரிடமும் அதைச் சொல்லியும் வைத்தேன்.

அதற்கான உயர்தரப் பரீட்சை நெருங்க நெருங்க, பிள்ளை சாப்பாட்டைத் தள்ளினாள். புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்திலேயே நின்றாள். முன்பெல்லாம் தேவாரம் பாடிவிட்டு அமைதியாகப் படிக்க உட்காருபவள், சாமியறைப் பக்கமே போகவில்லை.

"என்ன பிள்ளை, சாமியோட கோவமோ?" என்றேன்.

"பயமப்பா. எனக்கு எடுபடாட்டி உங்கட நேர்த்தியும் என்னாலதானே பிழையாப் போகும்? கடைக்கு வாற சனமெல்லாம் உங்கட தலையைத்தானே பார்க்கும்?"

பொருள் கைக்கு வராமல் ஒருநாளும் காசு கொடுக்காத வியாபாரி நான். ஆனாலும் மறுநாள் காலையே கோயிலுக்குப் போய் மொட்டை போட்டு வந்தேன்.

"மொதலாளி, மகள் பாஸா?" என்று கேட்டார் பக்கத்துக் கடை முஸ்லிம் நானா.

"சோதனையே இன்னும் தொடங்கேல்லை!"

வாசலில் நின்ற மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நேர்த்தி முடிஞ்சுது. இனி நீ உனக்காகப் படி" என்றேன். அன்று இரண்டாம் தரமும் சோறு கேட்டாள். மாலையில் சாமியறையில் தேவாரம் கேட்டது.

பரீட்சை முடிந்துவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை. இப்போது பிள்ளைகளின் பேரில் நான் எதுவும் நேர்வதில்லை. அவர்களுக்கு நல்ல நித்திரையைக் கொடு என்று மட்டும் முருகனைக் கேட்கிறேன். முடியோ, முன்னைவிட அடர்த்தியாக வளர்கிறது.