மூன்றாம் நம்பர் பனியனும் நானும்

போன மாதம் எனக்கு ஒரு பெரிய கௌரவம் கிடைத்தது. காரைக்காலில் நான் படித்த கல்லூரியின் கால்பந்து அணி வரலாற்றிலேயே தலைசிறந்த லெப்ட் பேக்... நானாம்.

சிரிக்காதீர்கள். நானே முதலில் சிரித்துவிட்டு, அப்புறம்தான் நம்ப ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். கல்லூரி விளையாட்டு அறைச் சுவரில், அணியில் இதுவரை ஆடியவர்களில் சிறந்த பதினோரு பேரின் பெயரை எழுதி வைக்க இப்போதைய உடற்கல்வி ஆசிரியை ரம்யா ஏற்பாடு செய்திருந்தார். பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் பட்டிமன்றம் தொடங்கியது. கோல்கீப்பர், பார்வர்டு எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. அடிதடி முழுக்க பேக்குகளுக்குத்தான். ஏன் தெரியுமா? கோல் போட்டவனை ஊரே ஞாபகம் வைத்திருக்கும். விழ இருந்த கோலைத் தடுத்தவனை? கூட ஆடியவன் வாய் திறந்தால்தான் உண்டு.

ரைட் பேக் எங்கள் கேப்டன் சுரக்குடி பாலு. அதில் மறுபேச்சு இல்லை. லெப்ட் பேக்குக்கு, எங்களுக்குப் பின்னால் படித்த மதியழகன் பெயரை ஒரு கோஷ்டி தூக்கிப் பிடித்தது. ஆறடி உயரம், இப்போது போலீஸ் வேலை. அவரை எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் ரம்யா ஒரு பழைய போட்டோவைப் போட்டார். நாங்கள் கோப்பை வாங்கிய வருடம். அந்தப் போட்டி முழுக்க எங்கள் மீது ஒரு கோல்கூட விழவில்லை. போட்டோவில் இரண்டாவது வரிசையில், மூன்றாம் நம்பர் பனியனோடு, கையைக் கட்டி முறைத்துக்கொண்டு நிற்பது — நான்.

“லெப்ட் பேக் நம்ம பத்திரிகையில பத்தி எழுதுற சார்தானே?” என்று கேட்டார் ரம்யா. கைதட்டல்கள் குவிந்தன.

உண்மை என்ன? நான் சப்ஸ்டிட்யூட். ஒரு நிமிஷம்கூட ஆடாமல், எலுமிச்சம்பழத் துண்டுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றவன். லெப்ட் பேக், கோட்டுச்சேரிமேட்டுச் செல்வம். போட்டோ எடுத்த அன்று அவன் தன் அப்பாவோடு கடலுக்குப் போயிருந்தான். மீன் படுகிற நாளில் போட்டோவுக்காக எவன் கரையில் நிற்பான்? வரிசையில் இடம் காலியாகத் தெரியக் கூடாது என்று பி.டி. மாஸ்டர் செல்வத்தின் பனியனை எனக்கு மாட்டி நிறுத்திவிட்டார். அதைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். மறந்துவிட்டதாகத்தான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

குழுவில் நான் என்ன பதில் போட்டேன்? கும்பிடு. அவ்வளவுதான். பொய் ஒன்றும் சொல்லவில்லையே... நடவு வேலையில் பாலு போனைத் தொடவே இல்லை. என் நல்ல நேரம். மனைவி மட்டும், “நீங்க பந்து ஆடுவீங்களா?” என்று ஒரு மாதிரியாகக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். பின்னாலிருந்து தோளில் ஒரு கை. செல்வம்.

“போட்டோ பாத்தேன்டா. பனியன் ஒனக்கு நல்லாத்தான் இருக்கு,” என்றான்.

காலிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“என் பொண்ணு அந்தக் காலேஜ்லதான் படிக்குது. நான்தான் லெப்ட் பேக்குன்னு சின்னதுலேருந்து சொல்லி வச்சிருக்கேன். இப்ப போட்டோவக் காட்டி, ‘எல்லா அப்பாவும் இப்புடித்தான் சொல்லுவாங்களோ’ன்னு கேக்குது. சரி வுடு. வஞ்சிரம் வாங்குறியா, நல்லா இருக்கு.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கமாக இருந்தது. மீனை வாங்கிய கையோடு, மார்க்கெட் வாசலில் நின்றே குழுவில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

அங்கேதான் புதுச் சண்டை. போட்டோவிலேயே இல்லாதவரை எப்படிச் சுவரில் ஏற்றுவது என்று மதியழகன் கோஷ்டி கிளம்பியது. ஆதாரம் கேட்டார் ரம்யா. நடவு முடிந்து போனைப் பார்த்த பாலு எனக்குத் தனியாக நாலு வசவும், குழுவில் ஒரே ஒரு வரியும் போட்டான்: “வர்ற ஞாயித்துக்கிழம கிரவுண்டுக்கு வாங்க. செல்வத்தக் கூட்டிட்டு வர்றேன்.”

மாலை நாலு மணி. இப்போதைய மாணவர் அணியோடு பழைய மாணவர்களுக்கு அரை மணி நேர ஆட்டம். செல்வத்துக்கு இப்போது நல்ல தொந்தி. கோட்டோரம் குந்தி, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து மெல்ல உதிர்த்துப் பார்த்தான். அந்தக் காலத்திலும் இதைத்தான் செய்வான். நாங்கள் கேலி செய்வோம். மாணவர்களும் சிரித்தார்கள்.

முதல் பாதியில் அவர்கள் கடல்காற்றை எதிர்த்து அடிக்க வேண்டும். ஒரு பந்து உயரமாக வந்தது. அவர்களுடைய பார்வர்டு எங்கள் கோல் வரை பறந்து போய் நின்றான். செல்வம் ஓடவில்லை. நாலு எட்டு முன்னால் நடந்தான். காற்றில் தடுமாறிய பந்து நேராக அவன் காலடியில் வந்து விழுந்தது. பக்கம் மாறியதும் அதே கூத்து, தலைகீழாக — அவன் ஆறு எட்டுப் பின்னால் போய் நின்றான், பந்து தேடி வந்து நெஞ்சில் இறங்கியது. கடைசிவரை எங்கள் இடது பக்கமாக ஒரு பந்துகூடத் தாண்டவில்லை.

“தூக்கி அடிக்காதீங்கப்பா, பந்து காத்துக்குப் போயிரும். தரையோட வுடுங்க,” என்று எதிரணிக்கே சொல்லிவிட்டு, தரையோடு ஒரு பந்தை விட்டான். முன்னால் நின்ற பாலு கோலுக்குள் தள்ளினான். ரைட் பேக்குக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்துவிட்டோம்.

முதலில் எழுந்து வந்தது மதியழகன். செல்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ரம்யாவிடம் சொன்னார்: “மேடம், அண்ணன் பேர எழுதுங்க. நான் ஆடுன காலத்துல காத்து இருந்ததே எனக்குத் தெரியாது.”

கோட்டோரம் நின்றிருந்தாள் செல்வத்தின் மகள். கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தது அந்தப் பெண். செல்வம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வைதான் என்றான். இருக்கட்டும்.

பீரோவிலிருந்து கொண்டுபோன மூன்றாம் நம்பர் பனியனைக் கொடுத்தேன். தலைக்குள் நுழைந்தது, தொந்தியில் இறங்கவில்லை. துண்டுபோலத் தோளில் போட்டுக்கொண்டான். பாலு எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தான். சுவரில் மாட்டப் புது போட்டோ.

அதில் என்னைத் தேடாதீர்கள். எடுத்தது நான்தான்.